புளியடி விலக்கில் வண்டி நிற்காது

கண்ணிருப்பவர்கள் வந்து பாருங்கள். புதுக்கோட்டைக்கு வெளியே ஓர் ஓட்டுநர் பயிற்சி மையம். தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மின்விசிறிகள். ஒன்று மட்டும் சுற்றுகிறது. எழுதுபலகை பொருத்திய சின்ன நாற்காலியில், முழங்காலை மடக்க முடியாமல் மடக்கிக்கொண்டு, ஐம்பத்து மூன்று வயது மனிதர் ஒருவர் பாடம் படிக்க உட்கார்ந்திருக்கிறார். சாலையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பாடம். இருபத்தேழு ஆண்டுகளாக மினி பஸ் ஓட்டுகிறவர் அவர். அத்தனை ஆண்டுகளில் குறுக்கே ஓடிய ஒரு கோழிக்குஞ்சின் இறகைக்கூட அவருடைய சக்கரம் தொட்டதில்லை. அவருடைய உரிமத்தை மூன்று மாதம் முடக்கிவிட்டார்கள். இரண்டு நாள் புத்தாக்கப் பயிற்சிக்கு வந்து, தேர்வில் தேறி, இனி அந்தக் குற்றத்தைச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். குடித்துவிட்டு ஓட்டினாரா? இல்லை. யார் மீதாவது மோதினாரா? இல்லை. வழியில் கை காட்டிய பெண்களுக்காக வண்டியை நிறுத்தினார். அதுதான் அவர் குற்றம்.

அவர் பெயர் நல்லதம்பி. அவரை அந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தவன் யார் என்பதையும் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அதே வகுப்பில்தான் இருந்தேன். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையாண்டது என் மீதான குற்றம். அது நேர்ந்த விதம் இது. மாசி மாதத்தில் ஒருநாள் காலை, மதுரையில் ஒரு கூட்டத்தில் பேசுவதற்காகக் காரில் போய்க்கொண்டிருந்தேன். விராலிமலைப் பக்கத்து நான்கு வழிச் சாலையில், எனக்கு முன்னால் போன மினி பஸ் ஒன்று, நிறுத்தமே இல்லாத இடத்தில் சட்டென்று ஓரங்கட்டி நின்றது. நான் மிதித்த மிதியில் இருக்கையில் இருந்த கோப்புகளெல்லாம் கீழே சரிந்தன. எனக்கு வந்த கோபத்தில் கைப்பேசியை எடுத்து அந்த வண்டியைக் காணொளியாகப் படம் பிடித்தேன்; காவல்துறையின் புகார் எண்ணுக்கு அனுப்பினேன். பொறுப்புள்ள குடிமகனாக நிமிர்ந்து உட்கார்ந்து மதுரை வரை போனேன். எட்டாம் நாள், உரிமத்தை முடக்கும் அறிவிப்பு எனக்கே வந்தது. நான் அனுப்பிய படத்தில் என் கார் நகர்ந்துகொண்டிருந்ததும், ஸ்டியரிங்கில் என் ஒரு கை மட்டும் இருந்ததும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. என் மனைவி மூன்று நாள் சிரித்தாள். “ஊரத் திருத்தப் போனீங்க. சரி, மொதல்ல ஒங்கள்லேர்ந்து ஆரம்பிப்போம்னு நெனச்சுட்டாங்க போல.”

வகுப்பில் முப்பது பேர் இருந்தோம். பாடம் நடத்தியவர் பிளெஸ்ஸி என்ற பெண், இருபத்தாறு வயதிருக்கும். எல்லோரும் தன்னைவிட மூத்தவர்கள் என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. முதல் வேலையாக ஒவ்வொருவரையும் எழுப்பி, செய்த குற்றத்தைத் தாங்களே சொல்லச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் கருப்பன் என்ற லாரி ஓட்டுநர்; சிவப்பு விளக்கைத் தாண்டியவர்.

“பச்சை வருங்குற நம்பிக்கையில போயிட்டேன்ம்மா. நம்பிக்கை வைக்கிறது குத்தமா?” என்றார். வகுப்பு சிரித்தது. என் முறை வந்தபோது, “போன்” என்றேன்.

“யாரு, வீட்டம்மாவா?” என்றார் கருப்பன். “அப்ப எடுத்தாலும் குத்தம், எடுக்காட்டியும் குத்தம். விட்ருங்கம்மா அவர.”

அப்போதுதான் முன் வரிசையிலிருந்து ஒரு தலை திரும்பியது. நரைத்த மீசை, இடது புருவத்தில் ஒரு தழும்பு. இரண்டு நொடி என்னையே பார்த்துவிட்டு அந்த மனிதர் எழுந்தே விட்டார்.

“தலைவரே! செந்தமிழன் அண்ணனா? என்ன இங்கிட்டு?”

வாசகர்களே, அந்தக் குரல் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்லியாக வேண்டும். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு மினி பஸ் வந்த புதிது. சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, ஊர் முழுக்கக் கூடி வரவேற்ற வண்டி அது. ஆனால் அது மேலத்தெரு அரிசி ஆலை வாசலில் நின்றதே தவிர, புளியடி விலக்கில் நிற்கவில்லை. விலக்கிலிருந்து உள்ளே போனால் கீழத்தெரு; எண்பது குடிசைகள். அங்கே நிறுத்தினால் தங்கள் ஆட்கள் ஏறமாட்டார்கள் என்று மேலத்தெருப் பெரியவர்கள் வண்டி முதலாளியிடம் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கீழ ராஜ வீதியில் ஓர் அச்சகத்தில் ரோஸ் நிறத் தாளில் ஆயிரம் துண்டறிக்கை அடித்தேன். ‘சக்கரத்துக்குச் சாதி உண்டா?’ என்பது தலைப்பு. மை காயாத அந்தக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சைக்கிளில் வந்ததும், சட்டையில் எழுத்துகள் தலைகீழாகப் பதிந்திருந்ததும், அதைத் துவைக்க மனமில்லாமல் ஒரு வாரம் அப்படியே போட்டுத் திரிந்ததும் இன்றைக்கும் விரல் நுனியில் இருக்கின்றன. மாட்டு வண்டியையே மேடையாக்கி ஏறிப் பேசினேன். பேச்சு முடிந்த மறுநாள் காலை, கீழத்தெருப் பெண்கள் நான் சொல்லாத ஒன்றைச் செய்தார்கள். விலக்கில், தார்ச்சாலையின் நடுவே மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். பானையைத் தூக்கிவந்து வைத்தவர் மூக்காயி. கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கஞ்சி கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் மினி பஸ் வந்தது.

ஓட்டிவந்தவர் நல்லதம்பி, மேலத்தெருக்காரர், வேலையில் சேர்ந்து இரண்டாவது வாரம். சாலையின் அந்தப் பக்கம் அவருடைய தகப்பனாரே நான்கு பேரோடு நின்றிருந்தார். ஹாரன் அடிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் இன்ஜினை அணைத்தார், இறங்கினார். அடுப்புப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, “உப்புப் போட்டாச்சா?” என்று கேட்டார். ஒரு செம்பு கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு எல்லோரையும் வண்டியில் ஏறச் சொன்னார். என் இருபது மேடைப் பேச்சுகள் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது. அன்றிலிருந்து எட்டு மாதம் தகப்பனார் வீட்டுக்குள் விடாததால் அவர் பஸ்ஸிலேயே படுத்தார். அன்றிலிருந்து புளியடி விலக்கு ஒரு நிறுத்தம் ஆயிற்று.

அது எப்படிப்பட்ட காலம்! விராலிமலையில் எந்த வேலையும் இல்லாதவர்கள்கூட, ஏறி உட்கார்ந்து போய்விட்டுத் திரும்பி வருவதற்காகவே வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். சன்னலோர இருக்கைக்குச் சண்டை நடந்தது. முதன்முதலாகக் கீழத்தெருவிலிருந்து ஆறு பெண் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனது அந்த வண்டியில்தான். அவர்கள் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டே போக, பின் இருக்கையில் இருந்த ஆட்டு வியாபாரி ஒருவர் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லி அவர்களை வாயடைக்க வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். இந்த நாட்டில் இனி எல்லாம் நேராகிவிடும் என்று அந்தச் சன்னலோரத்தில் உட்கார்ந்து நான் நம்பினேன். அப்புறம் எனக்குப் பெரிய ஊர்களில் மேடை கிடைத்தது. அந்த ஊருக்குள் போய்ப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

தேநீர் இடைவேளையில் நல்லதம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பேசித் தீர்த்தேன். கருப்பனும் கூட நின்றார்.

“சரி, நிறுத்தக்கூடாத எடத்துல நிறுத்தினேன்னு வகுப்புல சொன்னீங்களே, எந்த எடம்?” என்று கேட்டேன்.

“அதே எடந்தான் தலைவரே. புளியடி விலக்கு. நாலு வழி போட்டப்ப ஸ்டாப்பிங்க எடுத்துட்டாங்க. வண்டி இனிமே ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் பாலத்துக்கிட்டதான் நிக்கணும்னு சொல்லிட்டாங்க. பொம்பளைங்க அந்த ரோட்டு ஓரமா எப்படி நடப்பாங்க? நாம்பாட்டுக்கு நிறுத்திக்கிட்டுத்தான் இருந்தேன். எவனோ ஒரு புண்ணியவான் பின்னாடி கார்ல வந்துருக்கான். போன்ல புடிச்சு அனுப்பிட்டான்.”

“அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்,” என்றார் கருப்பன். “ஆயுத பூசைக்கு டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்க மாட்டேன். அவனத்தான் வைப்பேன்.”

நல்லதம்பி சிரித்தார். நான் கையிலிருந்த தேநீரைக் குடிக்கவில்லை. அந்த இடம் புளியடி விலக்கு என்று எனக்குத் தெரியவில்லை, இது உண்மை. மரங்கள் இல்லை, வளைவு இல்லை, பெயர்ப் பலகை இல்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு எல்லா இடமும் ஒரே இடம்தான். ஆனால் தெரியவில்லை என்பது எப்படிப்பட்ட பதில்? மேடையில் எதிரிகள் அந்தப் பதிலைச் சொன்னபோதெல்லாம் நான் அவர்களைக் கிழித்திருக்கிறேன்.

இடைவேளை முடிந்ததும் பிளெஸ்ஸி விளக்கை அணைத்துத் திரையில் ஒரு காணொளியைப் போட்டார். “பேர் சொல்ல மாட்டேன். என்ன தப்புன்னு நீங்களே கண்டுபிடிங்க” என்றார். திரையில் என் காரின் முன் கண்ணாடி. அதற்கு அப்பால் மஞ்சள் நிற மினி பஸ். படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கும் மூன்று பெண்களின் முதுகுகள், ஒரு தூக்குவாளி, ஒரு கல்லூரிப் பை. நான் படம் பிடித்ததை நினைவில் வைத்திருந்தேன்; அதில் குரலும் பதிவாகும் என்பதை மறந்திருந்தேன். நீண்ட ஹாரன் ஒலி. அதைத் தொடர்ந்து, ஒலிபெருக்கியே தேவையில்லாத என் குரல்:

“யாருய்யா அவன்! நடுரோட்ல நிறுத்தி ஆடு மாடு ஏத்துற மாதிரி ஏத்திக்கிட்டு!”

ஆடு மாடு. நான் சொன்ன சொல். துண்டறிக்கை அடித்தவன் சொன்ன சொல்.

“இந்தக் குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே,” என்றார் கருப்பன் இருட்டில்.

முன் வரிசையில் நல்லதம்பி திரும்பவில்லை. “மேடையில பேசுறவங்க எல்லாருக்கும் ஒரே குரல்தான்ப்பா,” என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அந்தப் பாதுகாப்பைத் தாங்க முடியாமல் எழுந்து நின்றேன். “நான்தான்” என்றேன். வகுப்பில் கூச்சல் கிளம்பியது. கருப்பன் தன் நாற்காலியை என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். யாரோ, “ரெண்டு பேருக்கும் ஒரே படத்துல ரெண்டு கேஸா!” என்று வியந்தார்கள். பிளெஸ்ஸி விளக்கைப் போட்டார்; எல்லோரும் அடங்கும்வரை காத்திருந்தார்.

“இதுல யாரு நல்லவங்க யாரு கெட்டவங்கன்னு பேச நான் வரல,” என்றார். “எங்க அண்ணன் பைக்ல போயி, இதே மாதிரி ஆளேத்த நின்ன வேன்ல மோதித்தான் செத்தாரு. அந்த டிரைவரும் நல்லவருதான். வயசான அம்மாவ ஏத்தத்தான் நிறுத்தினாரு. நூறுல வர்ற ரோட்ல ஒதுங்க எடம் இல்லாம வண்டி நிக்கக்கூடாது. ஒதுங்க எடம் கேக்குறது வேற விசயம். அத இந்த வகுப்புல கேட்டு என்ன ஆகப்போவுது?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. நல்லதம்பிகூடத் தலையை ஆட்டினார்.

இரண்டாம் நாள் தேர்வு. ஓர் அறையில் திரைக்கு முன்னால் இருக்கை, ஸ்டியரிங், மிதிகள் எல்லாம் வண்டியில் இருப்பதைப் போலவே பொருத்தியிருந்தார்கள். திரையில் நான்கு வழிச் சாலை ஓடும். நாம் ஓட்டுவதைப் பார்த்து எந்திரம் மதிப்பெண் போடும். நான் தேறினேன். கருப்பன் தேறினார். நல்லதம்பி உட்கார்ந்தார். எல்லோரையும்விட அழகாக ஓட்டினார். ஏழாவது நிமிடத்தில் திரையில் சாலையோரம் ஒரு பெண் உருவம் கையை உயர்த்தி நின்றது. நல்லதம்பியின் கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது; இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்து ஒதுங்கி நிறுத்தினார். “ஏறுங்க, ஏறுங்க” என்று வாய்க்குள் சொன்னதுகூட எனக்குக் கேட்டது. திரை சிவந்தது. தேர்ச்சி இல்லை.

“அண்ணே, அது சும்மா பொம்மை,” என்றார் பிளெஸ்ஸி.

“தெரியுதும்மா. காலுக்குத் தெரியல.”

இரண்டாவது முறையும் நிறுத்தினார். மூன்றாவது முறை தவறினால் பயிற்சி முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டும். உரிமம் இன்னும் தள்ளிப்போகும். முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவார். அவர் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழாவது நிமிடம் நெருங்கியபோது தலையை வலது பக்கம் திருப்பி, சாலைத் தடுப்பில் நட்டிருந்த அரளிச் செடிகளைப் பார்த்தபடியே ஓட்டினார். அந்தப் பெண் உருவம் கை உயர்த்தியபடியே திரையை விட்டு நழுவியது. எந்திரம் பச்சை காட்டியது. யாரும் கை தட்டவில்லை. ‘அனுமதிக்கப்பட்ட நிறுத்தத்தில் மட்டுமே நிறுத்துவேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வெளியே வந்தவர், வேப்ப மரத்தடியில் நின்றிருந்த என்னிடம், “பாஸ் பண்ணிட்டேன் தலைவரே” என்றார். அந்தச் சொல்லில் துளி மகிழ்ச்சி இல்லை.

உரிமம் எனக்கும் திரும்பி வந்தது. காரை எடுக்கவில்லை. நல்லதம்பி மறுபடி வண்டியேறிய நான்காம் நாள் காலை, அந்த மினி பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். நான்கு வழிச் சாலைக்கு வந்ததும் தூரத்தில் சிலர் நிற்பது தெரிந்தது. நெருங்க நெருங்க கைகள் உயர்ந்தன. நல்லதம்பியின் கழுத்து மெல்ல வலது பக்கம் திரும்பியது. வண்டி நிற்கவில்லை. ஒரு பெண் பத்தடி கூடவே ஓடிவந்தார், வேகத்தில் பின்தங்கினார். நடத்துநர் குனிந்து பயணச்சீட்டுக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். வண்டியில் இருந்த பதினான்கு பேரும் தரையைப் பார்த்தோம்.

பாலத்தடி நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். ஒரு கிலோமீட்டர் போவதற்குள், வண்டியோடு ஓடிவந்த அந்தப் பெண் எதிரே வந்துவிட்டார். லாரிகள் கடக்கும் ஒவ்வொரு முறையும் சேலையைப் பிடித்துக்கொண்டு, சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருந்த ஒரு சாண் மண்ணில் நடந்து வந்தார் மூக்காயி. விராலிமலைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் கேண்டீனில் பாத்திரம் துலக்குகிறாராம். நாற்பத்தெட்டு வயது. என்னைப் பார்த்ததும் நின்றார்.

“செந்தமிழன் அண்ணனா? நடந்தா வாரீங்க? மைக்க எங்க விட்டீங்க?”

“மூக்காயி, நல்லதம்பியக் குத்தம் சொல்லாத...”

“நான் எங்க சொன்னேன்? அவருக்கும் புள்ள குட்டி இருக்கு. இந்த ரோட்ல எங்களத் திரும்பிப் பாக்காம போறது ஆயிரம் வண்டி. அதுல ஒண்ணு கூடிப்போச்சு. என்ன, அந்த ஒண்ணுதான் நாங்க பாத்துக்கிட்டு நின்ன வண்டி.”

“அந்தப் படத்த எடுத்து அனுப்பினது நான்தான்.”

“தெரியும். அவரே சொல்லிட்டாரு.” ஒரு கண்டெய்னர் லாரி கடந்தது, அதன் காற்றில் நாங்கள் இருவரும் ஓரடி தள்ளாடினோம். “அதுல எங்க மூஞ்சி தெரிஞ்சுச்சா?”

“இல்ல. முதுகுதான்.”

“அதான்,” என்றார் மூக்காயி. “மூஞ்சி தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டீங்க.” அது மன்னிப்பா சாட்டையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. “சரி, ஷிப்டுக்கு நேரமாச்சு. கூட நடந்துக்கிட்டே பேசுறதுன்னா வாங்க.”

நடந்தோம். அன்று தொடங்கிய நடை, பிறகு ஐந்து வாரம் அலுவலகம் அலுவலகமாக நடந்தோம். பஸ் ஒதுங்கி நிற்கத் தடமும் நிறுத்தமும் கேட்டு மனு எழுதினோம்; அதில் மூக்காயி கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்திட்டார். கடைசியில் ஓர் அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, அந்த இடத்தில் நின்று ஏறுபவர்கள் யாருமே இல்லை என்று பதிவாகியிருப்பதாகச் சொன்னார். வண்டி நிற்காத இடத்தில் மனிதன் எப்படி நிற்பான் என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. வருகிற புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஓர் ஆய்வாளரை அனுப்புவதாகவும், முப்பது பேராவது நின்றால் பரிந்துரை செய்வதாகவும், இல்லையேல் கோப்பை மூடிவிடுவதாகவும் சொன்னார்.

கீழத்தெருவில் இப்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆண்கள் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். இருசக்கர வண்டி உள்ளவர்கள் அதில் போய்விடுகிறார்கள். பஸ்ஸை நம்பி இருப்பவர்கள் பதினொரு பேர். ஒன்பது பேர் பெண்கள். பதினொரு பேருக்கு ஒரு நிறுத்தம் தேவையா என்று கேட்பவர்கள், அந்த ஒரு சாண் மண்ணில் பத்து நிமிடம் நடந்துவிட்டுக் கேளுங்கள்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன், கெஞ்சவில்லை, கேட்கிறேன். அந்தச் சாலையில் காரில் பறந்திருப்பீர்கள். முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்து ஹாரனை அழுத்தியிருப்பீர்கள். நான் அழுத்தினேன், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். புதன்கிழமை காரை வீட்டில் விடுங்கள். அன்னவாசலில் இருந்து வாருங்கள், திருமயத்தில் இருந்து வாருங்கள். வந்து, நின்று, அந்த வண்டி நின்றால் அதில் ஏறிப் பயணம் செய்யுங்கள்; பயணி என்பதற்கு அதற்கு மேல் தகுதி எதுவும் கிடையாது. முழக்கம் வேண்டாம். கொடி வேண்டாம். நான் பேசப்போவதில்லை. ஏழரைக்கெல்லாம் மூக்காயி வந்துவிடுவார். வெயில் ஏறாத வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, காற்றில் அடிக்கும் முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வண்டி வரும் திசையைப் பார்த்து நிற்பார். அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கிறது. வந்து நில்லுங்கள்.